விளம்பரக் கலையில் வென்ற வாசன்

நம் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர் பலர் இப்பொழுது விற்பனைத் துறையிலும் விளம்பரத் துறையிலும் பணியில் அமர்ந்து வருகின்றனர். உழவும் ஆசிரியப் பணியுமே நெடுங்காலமாக நமக்குப் பழகிய தொழில்கள். ஆதலின் மகனோ மகளோ விற்பனைப் பிரதிநிதி வேலை கிடைத்திருப்பதாகக் கூறும்போது பெற்றோர் மனம் சற்றே தயங்குகின்றது. இனிக்கப் பேசி, வேண்டாத பொருளைப் பிறர் தலையில் கட்டுவதே அத்தொழில் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கின்றது. அவ்வெண்ணம் முழுதும் ஆதாரமற்றது என்று நாம் வாதிட முற்படவில்லை. அவ்வாறு பிழைப்போரும் உலகில் உண்டு. ஆயினும், விற்பனைத் தொழிலில் நிலைத்து வெற்றி காண வேண்டும் என்றால் ஒருவனிடத்தில் என்னென்ன குணங்கள் அமைந்திருத்தல் வேண்டும் என்பதை ஒரு மெய்யான வாழ்வினை முன்வைத்து ஆராய்வது நலம் பயக்கும் எனக் கருதுகிறோம்.

மயிலை என்றவுடன் நம் நெஞ்சம் நேமிநாதப் பெருமானை நினைப்பது இயல்பு. இம்முறை அவ்வூரில் அண்மைக் காலத்தில் வாழ்ந்து மறைந்த ஒருவரைப் பற்றி எழுதப் புகுகின்றோம். எட்வர்ட் எலியட்ஸ் சாலை எனப் பெயர் பெற்றிருந்து, பின்னர் டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை என மாறிய பெருவீதியில் ஜெமினி இல்லம் என்னும் மாளிகையில் வாழ்ந்தவர் எஸ். எஸ். வாசன் அவர்கள். ஆனந்த விகடன் அதிபர் என்றும் ஜெமினி ஸ்டூடியோ முதலாளி என்றும் அவரைத் தமிழுலகம் அறியும். அவ்விரண்டிற்கும் முன்பே அவர் விளம்பரம் திரட்டும் முகவராகவும் அஞ்சல் வழி வணிகராகவும் இருந்தவர் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பிற்காலத்து வெற்றிகளுக்கு வித்து அங்கேதான் இருக்கின்றது.

அந்நாளைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த திருத்துறைப்பூண்டியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் வாசன். இயற்பெயர் சீனிவாசன். தந்தையார் இவர் குழந்தையாயிருக்கும்போதே காலமானார். அன்னையார் மகனை அழைத்துக்கொண்டு சென்னைக்குக் குடிபெயர்ந்தார். கையில் முதலில்லை, பின்னின்று தாங்குவாரும் இல்லை. இந்நிலையில் படிப்பைத் தொடர்வதைக் காட்டிலும் பொருளீட்டுவதே கடமையாயிற்று. பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரித்துக் கொடுத்துத் தரகு பெறுவது ஒரு தொழில். சிறு பொருள்களையும் நூல்களையும் விளம்பரப்படுத்தி அஞ்சலில் அனுப்பி விற்பது மற்றொரு தொழில். இரண்டும் முதலீடு அதிகம் வேண்டாதவை. உழைப்பும் மதிநுட்பமும் மிகுதியாக வேண்டுபவை.

அஞ்சல் வழி வணிகத்தைப் பற்றி இங்குச் சிறிது விளக்க விரும்புகின்றோம். வி.பி.பி. என்னும் முறையை இளைய தலைமுறையினர் அறிந்திருக்க மாட்டார்கள். விளம்பரத்தைப் படித்த ஒருவர் ஓர் அஞ்சலட்டையில் எழுதிக் கேட்பார். வணிகர் பொருளைக் கட்டி அனுப்புவார். தபால்காரர் பொருளைக் கொடுத்து விலையைப் பெற்று வணிகருக்கு அனுப்பி வைப்பார். கேட்டவர் மனம் மாறி வாங்க மறுத்துவிட்டால் பார்சல் திரும்பி வரும். அஞ்சல் செலவு வணிகரைச் சாரும். வாங்கியவர் ஏமாற்றமடைந்தால் மறுமுறை எழுத மாட்டார். தம் ஊராரையும் எழுத விடமாட்டார். வணிகரின் முகத்தை வாங்குபவர் காண்பதில்லை, குரலைக் கேட்பதில்லை. அச்சிட்ட சில வரிகளே நடுவில் நிற்கின்றன. அவ்வரிகளில் ஒரு சொல் குறைந்தால் கடிதம் வராது. ஒரு சொல் மிகுந்தால் பார்சல் திரும்பி வரும். இதைவிடக் கண்டிப்பான விற்பனைப் பள்ளிக்கூடம் வேறொன்று இருக்க முடியாது என்பது நம் கருத்து. சிற்றூரில் அரிக்கேன் விளக்கடியில் அமர்ந்து விளம்பரத்தைப் படிக்கும் முன்பின் அறியாத ஒருவர் என்ன நினைப்பார் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் வாசன் அவர்களுக்கு இத்தொழிலில்தான் படிந்திருத்தல் வேண்டும். இறுதிவரை அது அவரை விட்டு நீங்கவில்லை.

ஆனந்த விகடன் 1926ஆம் ஆண்டில் பூதூர் வைத்தியநாதையர் என்பவரால் தொடங்கப்பெற்ற மாத இதழ். அதில் விளம்பரம் வெளியிடும் தொடர்பு வாசன் அவர்களுக்கு இருந்தது. 1927ஆம் ஆண்டின் இறுதியில் அவ்விதழ் நடத்த இயலாமல் நின்றுபோயிற்று. நின்றுபோன இதழை விலைக்கு வாங்குவார் யார்? வாசன் அவர்கள் வாங்கினார். பெயரில் உள்ள எட்டு எழுத்துகளுக்கு எழுத்தொன்றுக்கு இருபத்தைந்து ரூபாய் வீதம் இருநூறு ரூபாய் கொடுத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அச்சுப்பொறியன்று, கட்டடமன்று, வெறும் பெயர் ஒன்றே அவர் வாங்கியது. பெயருக்கு விலையுண்டு என்பதைத் தமிழ்நாட்டில் முன்கூட்டி உணர்ந்தவர்களுள் அவரும் ஒருவர். பிற்காலத்தில் வணிகக் கல்லூரிகளில் இதனைப் பாடமாகவே நடத்தத் தொடங்கினர்.

1928ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் இதழ் புத்துருவம் பெற்றது. படித்தவர் மட்டுமே படிப்பதாக இருந்த பத்திரிகைத் தமிழை வீட்டிலுள்ள அனைவரும் படிப்பதாக மாற்றும் நோக்கம் தெளிவாயிருந்தது. நகைச்சுவை, சிறுகதை, தொடர்கதை, கேலிச் சித்திரம், சங்கீத விமரிசனம் என ஒவ்வொருவருக்கும் ஒன்று இருந்தது. கல்கி என்னும் ரா. கிருஷ்ணமூர்த்தி அவர்களை ஆசிரியப் பொறுப்பில் அமர்த்தியதும், மாலி என்னும் ஓவியரைக் கொண்டு சித்திரங்கள் வரையச் செய்ததும் வாசன் அவர்களின் ஆட்களைத் தேரும் திறமைக்குச் சான்றுகள். தம்மினும் நன்றாக எழுதுபவரைத் தம் இதழில் எழுதச் செய்ய அவர் அஞ்சவில்லை. தாமே கதை எழுத வல்லவர் அவர். அவருடைய சதி லீலாவதி என்னும் கதை 1936இல் திரைப்படமாகி, எம்.ஜி.ஆர். அவர்களுக்கு முதற்படமாக அமைந்தது. அங்ஙனமிருந்தும் பெயரும் புகழும் கல்கிக்குச் செல்வதைக் கண்டு அவர் குறுக்கே நிற்கவில்லை. 1941இல் கல்கி விலகி, விகடனில் விளம்பரப் பொறுப்பை வகித்திருந்த சதாசிவம் அவர்களுடன் சேர்ந்து தனி இதழ் தொடங்கியபோது விகடன் சாய்ந்துவிடும் எனப் பலர் எதிர்பார்த்தனர். தேவன் பொறுப்பேற்றார், இதழ் சாயவில்லை. ஆள் போனாலும் நிலைக்கும்படி ஓர் அமைப்பைக் கட்டுவது விற்பனைத் துறையில் மேலாளர் நிலைக்கு உயர்வோர் கற்க வேண்டியது.

இவ்விடத்தில் நமக்கு உடன்பாடில்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். விகடன் விற்பனையை உயர்த்துதற்பொருட்டுக் குறுக்கெழுத்துப் போட்டிகள் நடத்தப்பெற்றன. பெரும் பரிசுத் தொகை அறிவிக்கப்பெற்றது. மக்கள் திரளாகக் கலந்துகொண்டனர். அறிவுப் பயிற்சி என்று சொல்லலாம்; ஆயினும் ஒரே குறிப்புக்குப் பொருந்தும் இரண்டு சொற்களுள் எதனை எழுதுவது என்பது பல சமயங்களில் அறிவின் வேலையாக இராமல் அதிர்ஷ்டத்தின் வேலையாகிவிடும். சூதினை ஒழிக்க வேண்டிய ஏழு தீயொழுக்கங்களுள் ஒன்றாக எண்ணும் மரபில் வந்த நாம் இதனைப் பாராட்ட இயலாது. அக்காலத்து இதழ்கள் பலவும் இவ்வழியில் சென்றன என்பது விளக்கமாகுமேயன்றிச் சமாதானமாகாது. பின்னாளில், 1955ஆம் ஆண்டில், பரிசுப் போட்டிகளின் தொகைக்கு வரம்பு கட்டி நடுவணரசே சட்டம் இயற்ற நேர்ந்தது. விற்பனை பெருகுவது ஒன்றே அளவுகோலானால் வல்லவர்களும் எங்கே இடறக்கூடும் என்பதை இது காட்டுகின்றது.

திரைப்படத் துறையில் அவர் புகுந்ததும் விற்பவராகவேதான். முதலில் படங்களை வாங்கி வெளியிடும் விநியோகத் தொழில். 1939ஆம் ஆண்டில் இயக்குநர் கே. சுப்பிரமணியம் அவர்கள் எடுத்த தியாகபூமி என்னும் படத்திற்கு நேர்ந்த ஏற்பாடு நோக்கத்தக்கது. கல்கியின் கதை விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே, அதற்குச் சித்திரங்களுக்குப் பதிலாக அப்படத்தின் காட்சிப் படங்கள் அச்சிடப்பெற்றன. வாரந்தோறும் கதை படிப்பவர் படத்தையும் சிறிது சிறிதாகக் கண்டு வந்தனர். படம் வெளிவந்தபோது அதன் மாந்தர் அவர்களுக்குப் பழகிய மாந்தராயிருந்தனர். தேசிய உணர்வு மிக்க அப்படத்தைப் பின்னர் ஆங்கில அரசு தடை செய்தது வேறு கதை.

இவ்வேற்பாட்டின் நுட்பம் விளங்க, மயிலையிலேயே வாழ்ந்த மற்றொரு பெருமகனாரை நினைவு கூர்தல் வேண்டும். அமிர்தாஞ்சனம் கண்ட காசிநாதுனி நாகேசுவர ராவ் பந்துலு அவர்கள் தம் தைலத்தைச் சங்கீதக் கச்சேரிகளில் இலவசமாக வழங்கி மக்களிடையே பரப்பினார். லஸ் பகுதியில் அவர் பெயரால் அமைந்த பூங்காவில் மாலை வேளையில் உலவுவோர் பலர் இதனை அறிவார்கள். தலைவலித் தைலத்தை நெற்றியில் தடவிப் பார்த்துவிட்டு வாங்கலாம். பத்திரிகையைக் கடையில் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம். திரைப்படத்திற்கோ முன்னதாகவே காசு கொடுத்து உள்ளே சென்று அமர வேண்டும். பிடிக்காவிடினும் காசு திரும்பாது. ஆகையால் படத்தை விற்பவர் தருவது வாக்கு ஒன்றுதான். அவ்வாக்கை முன்னர் எத்தனை முறை காப்பாற்றினார் என்பதைக் கொண்டே மக்கள் அடுத்த முறை நம்புகின்றனர். தியாகபூமித் தொடர் இக்குறையை ஓரளவு ஈடு செய்தது: மாதிரி காட்ட இயலாத பொருளுக்கு மாதிரி காட்டியது.

கே. சுப்பிரமணியம் அவர்களின் படப்பிடிப்பு நிலையம் தீயினால் அழிவுற்று ஏலத்துக்கு வந்தபோது, 1940ஆம் ஆண்டில் வாசன் அவர்கள் அதனை வாங்கி ஜெமினி ஸ்டூடியோ எனப் பெயரிட்டார். மவுண்ட் ரோடும் கதீட்ரல் சாலையும் கூடும் இடம் அது. மயிலையிலிருந்த அவருடைய இல்லத்திலிருந்து நேராக ஒரே வீதி. குழல் ஊதும் இரட்டைச் சிறுவர் உருவம் அதன் சின்னமாயிற்று. எழுத்தறியாதவரும் அச்சின்னத்தைக் கண்டவுடன் இன்னார் படம் என்று அறிந்துகொண்டனர். நந்தனார், மங்கம்மா சபதம் முதலிய படங்கள் அடுத்தடுத்து வெற்றி பெற்றன.

இனி, அவர் வாழ்வின் பெருஞ்சோதனையாகிய சந்திரலேகாவுக்கு வருவோம். மங்கம்மா சபதம் வெளிவந்த 1943ஆம் ஆண்டிலேயே, அடுத்து யாவற்றினும் பெரியதாக ஒரு படம் எடுக்க அவர் உறுதி கொண்டார். கதை இலாகாவினர் அஞ்சா நெஞ்சம் கொண்ட ஒரு பெண்ணைப் பற்றிய கதை ஒன்றைச் சொன்னார்கள். கதை கொடூரமாயிருந்தமையால் அவருக்குப் பிடிக்கவில்லை. அப்பெண்ணின் பெயர் மட்டும் பிடித்துவிட்டது. கதை உருவாவதற்கு முன்னரே சந்திரலேகா என்னும் படம் வரப்போவதாகப் பத்திரிகைகளில் பெரிய அளவில் விளம்பரம் செய்துவிட்டார். மாதங்கள் சென்றன, கதை அகப்படவில்லை. இதனை விட்டு ஔவையார் படத்தைத் தொடங்கிவிடலாம் என்னும் நிலை வந்தது. இறுதியாக ஒரு வாரத் தவணை கொடுத்தார். அத்தவணைக்குள் வேப்பத்தூர் கிட்டு என்பவர் ரெயினால்ட்ஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியரின் நூலொன்றில் ஒரு நிகழ்ச்சியைக் கண்டெடுத்தார். அதிலிருந்து கதை பிறந்தது.

பொருள் இன்றி விளம்பரம் செய்தது சரியா என வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். விளம்பரத்தைக் கண்டு எவரும் அன்று காசு கொடுத்துவிடவில்லை என்பதை முதலில் கருத வேண்டும். கொடுக்கப்பட்டது ஒரு வாக்கு. அதனால் கட்டுண்டவர் வாசன் ஒருவரே. அவ்வாக்கினை அவர் எவ்வாறு நிறைவேற்றினார் என்பதிலேதான் அன்னாருடைய குணம் விளங்குகின்றது. மிகப் பெரிய படம் என்று அறிவித்தாகிவிட்டது. போர்க்காலம், பொருள்கள் யாவும் தட்டுப்பாடு. சாதாரணமானதொரு படத்தை எடுத்து வெளியிட்டுவிட்டு, போர் நெருக்கடியைக் காரணமாகக் காட்டியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் அவ்வாறு செய்யவில்லை. முதலில் இயக்கிய டி. ஜி. ராகவாச்சாரி விலகியபின் இயக்கத்தைத் தாமே மேற்கொண்டார். எடுத்தவற்றை ஒதுக்கி மீண்டும் எடுத்தார். இடையிலே சர்க்கஸ் காட்சிகளைச் சேர்த்தார். முரசு நடனம் என்று புகழ் பெற்ற காட்சிக்கு நானூறு நடனமணிகள், மாதக்கணக்கில் ஒத்திகை. ஐந்தாண்டுகள் ஓடின. செலவு முப்பது லட்சம் ரூபாயைத் தொட்டது என்பர். அந்நாளில் இத்தொகை ஒருவரை அடியோடு கவிழ்க்கவல்லது. சொத்துகள் அடைமானத்திற்குச் சென்றன, நகைகள் விற்கப்பெற்றன. இவ்வளவும் ஒரு விளம்பரத்தில் அச்சிட்ட சொல்லுக்காக.

1948ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் படம் வெளிவந்தது. மக்கள் திரண்டனர், வியந்தனர். ஆனால் போட்ட முதல் திரும்பவில்லை. தமிழ் வழங்கும் நிலம் முழுவதும் பார்த்தாலும் முப்பது லட்சத்தை ஈடு செய்யும் அளவுக்குச் சந்தை இல்லை என்பது கணக்கு. வாசன் அவர்கள் செலவைக் குறைக்கவோ விதியை நொந்துகொள்ளவோ முனையாமல், சந்தையை விரித்தார். சில காட்சிகளைப் புதிதாக எடுத்தும் மாற்றியும் அதே ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் இந்தியில் வெளியிட்டார். அறுநூறுக்கும் மேற்பட்ட பிரதிகள். பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்கள். வடநாட்டு நகரங்களில் பெரும் விளம்பரப் பலகைகள். தென்னாட்டுப் படத்தை இவ்வாறு வடநாட்டில் முழங்கியவர் அவருக்கு முன் எவருமில்லை. கடனிலிருந்து மீண்டதுடன், சென்னைத் தயாரிப்பாளர்கள் பலருக்கும் இந்திச் சந்தையின் கதவைத் திறந்தும் விட்டார்.

அவ்விந்திப் படத்தை நாடெங்கும் விநியோகித்ததில் பங்கு கொண்டவர் தாராசந்த் பர்ஜாத்யா என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். இராசத்தானத்துக் குச்சாமன் நகரில் சமணக் குடும்பத்தில் பிறந்து, திரைப்பட விநியோக நிறுவனம் ஒன்றில் கடைநிலைப் பணியில் தொடங்கியவர் அவர். 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், நாடு விடுதலை பெற்ற அன்றே, ராஜ்ஸ்ரீ என்னும் தம் நிறுவனத்தை நிறுவினார். பின்னாளில் குடும்பத்தோடு அமர்ந்து காணத்தக்க படங்களையே எடுப்பது என்னும் நெறியால் அந்நிறுவனம் பெயர் பெற்றது. இத்தகைய ஒருவரின் பங்கு வாசன் அவர்களுக்கு உரிய காலத்தில் வாய்த்தது.

செய்தி திரட்டுவதில் ஜெமினி நிறுவனத்தார் காட்டிய அக்கறை வியப்பூட்டுவது. எழுத்தாளர் அசோகமித்திரன் அவர்கள் 1952ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் அங்குப் பணியாற்றியவர். நாளேடுகளிலிருந்து பற்பல பொருள்கள் பற்றிய செய்திகளைக் கத்தரித்துக் கோப்புகளில் சேர்ப்பது அவருடைய வேலைகளுள் ஒன்று. அறைக்குள் நுழைபவர்கள் அவர் நாள் முழுவதும் செய்தித்தாள் கிழித்துக்கொண்டிருப்பதைக் கண்டு, இவருக்கு வேலையே இல்லை என்று எண்ணினார்களாம். மக்கள் எதனைப் பேசுகிறார்கள், எதற்கு அஞ்சுகிறார்கள் என்பதை அறியாதவன் அவர்களுக்கு எதனையும் விற்க முடியாது. அவ்வறிவைச் சேர்க்க ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுக்க அந்நிறுவனம் தயங்கவில்லை.

தோல்விகளும் உண்டு. 1947இல் வந்த மிஸ் மாலினி அறிஞர்களால் பாராட்டப்பெற்றும் வசூலில் தோற்றது. அதன் கதை ஆர். கே. நாராயண் அவர்களுடையது. இனிக்கப் பேசி, இல்லாத கம்பெனிக்கெல்லாம் நம்பிக்கையூட்டி, பிறர் பணத்தைக் கரைத்துவிட்டு மறையும் சம்பத் என்பவனே அதில் முக்கியப் பாத்திரம். கொத்தமங்கலம் சுப்பு அவனாக நடித்தார். தோற்ற கதையை யாரும் மீண்டும் தொட மாட்டார்கள். வாசன் அவர்கள் 1952இல் அதனையே மிஸ்டர் சம்பத் என்னும் பெயரில் இந்தியில் தாமே இயக்கினார். நாக்கு ஒன்றையே முதலாகக் கொண்டு வாணிகம் செய்பவன் எவ்வாறிருப்பான் என்பதை நாட்டிலேயே பெரிய விளம்பரக்காரர் என்று பெயர் பெற்றவர் நாட்டு மக்களுக்குக் காட்டினார். பெற்றோர் அஞ்சும் அந்த விற்பனையாளனை அவரும் நன்கு அறிந்தேயிருந்தார் போலும். 1953இல் வெளிவந்த ஔவையார் படத்திற்குப் பாட்டரசி கே. பி. சுந்தராம்பாள் அவர்களுக்கு பெருந்தொகை ஊதியமாக அளித்தது அந்நாளில் ஊரெங்கும் பேச்சாயிற்று. ஊதியம் கொடுத்ததே ஒரு விளம்பரமாகிவிட்டது என்று சொல்வாருண்டு. அதிலும் உண்மையில்லாமற் போகாது.

1964இல் மாநிலங்களவை உறுப்பினரானார். 1969இல் பத்மபூஷண் விருது பெற்று, அவ்வாண்டே ஆகஸ்டு 26ஆம் நாள் மறைந்தார். 2004ஆம் ஆண்டில் நடுவணரசின் அஞ்சல் துறை அவருடைய உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது. அஞ்சலில் பார்சல் கட்டித் தொழில் தொடங்கியவருக்கு அஞ்சல் துறையே சிறப்புச் செய்தது பொருத்தமே.

ஸ்டூடியோ இருந்த இடத்தில் பின்னர் நட்சத்திர விடுதி எழுந்தது. அச்சந்திப்பில் 1973ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற, சென்னையின் முதல் மேம்பாலத்திற்கு அண்ணா மேம்பாலம் என்பது அரசு இட்ட பெயர். மயிலையிலிருந்து அவ்வழி செல்லும் பேருந்துகளில் பயணிகள் கேட்டு வாங்குவதோ ஜெமினிக்குச் சீட்டு.